ஒரே பந்தியில ஊரே!

திருச்செந்தூர் பக்கம் போறீங்களா? பனைமரங்களுக்கு மேல ஊசி மாதிரி ஒரு கோபுரம் தெரியும். 192 அடி! அதுதான் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயம். வேல்ஸ்ல இருந்து வந்து, 1870-ல் இதே ஊரில் இறந்த மிஷனரி ஜான் தாமஸ் கட்டியது. அன்று ஆங்கிலிக்கன் சபை. 1947-ல் இருந்து சி.எஸ்.ஐ.

டிசம்பர்தான் இந்தப் பக்கத்து சபைகளுக்கு சீசன். சென்னை, பெங்களூருனு பறந்த பசங்க எல்லாம் ஆஜர். அட்வென்ட் ஞாயிறுகள், ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ், 25-ம் தேதி விடியுறதுக்கு முன்னாடியே ஆராதனை, 31-ம் தேதி நடுராத்திரி ஆராதனைனு தூக்கமே கிடையாது!

அறுப்பின் பண்டிகைக்கு வந்தா செம காமெடி. காணிக்கையா வந்த பூசணிக்காய், சேவல் எல்லாம் ஏலம் போகும். மார்க்கெட் ரேட்டெல்லாம் இங்கே செல்லாது பாஸ். போட்டி போட்டு ஏத்திவிடுவாங்க. பணம் சபைக்கு.

ஹைலைட், அசனம். அரிசி, காய்கறி, ஆடுனு ஆளாளுக்குக் கொடுத்து, ஒண்ணா சமைச்சு, ஒரே பந்தியில சாப்பாடு. முதலாளி, கூலிக்காரர் பக்கத்துப் பக்கத்து இலை. சாதி பார்த்து தெரு பிரியுற தென்மாவட்டத்துல இது சின்ன விஷயமில்லை. ஆனா, கல்யாணப் பேச்சு எடுத்தா அதே சாதி சபைக்குள்ளேயும் எட்டிப் பார்க்குது.

பந்தியில சேர்ந்தாச்சு... பந்தத்துல எப்போ? பதில் சொல்ல வேண்டியது நம்ம செட்டுதான் மக்கா!