ஒத்துக்கொள்ளவில்லை!

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், ஆதனக்கோட்டையை உங்கள் கண் கவனிக்காவிட்டாலும் மூக்கு கவனித்திருக்கும். சாலையோரத்தில் பெண்கள் முந்திரிக் கொட்டையை வறுத்துக் கொண்டிருப்பார்கள். ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும், கரும்புகை எழும். ஆறவைத்து, சின்னக் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு முழுசாக வந்து விழும். உடைந்தால் விலை போகாது. ஆகவே அந்தத் தட்டு லேசான வித்தை அல்ல. ஓட்டெண்ணெய் பட்டால் கைத்தோல் வெந்துவிடும் என்று சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே இறங்கி அரைக் கிலோ வாங்காமல் வரமாட்டார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்பொழுது முந்திரி எங்கள் வாசற்படி ஏறுவதில்லை.

காரணம் என் பேத்தி. மூன்று வயதில் ஒரு பருப்பைக் கடித்தவள், "நாக்கு அரிக்குது அப்பத்தா" என்றாள். உதடு கொஞ்சம் தடித்தது. நான்தான் பெரிய அனுபவசாலி ஆயிற்றே! "சூடு, ஒத்துக்கொள்ளவில்லை. மோர் கொடு" என்று தீர்ப்புச் சொன்னேன். சற்று நேரத்தில் அடங்கியும் விட்டது.

இந்த 'ஒத்துக்கொள்ளவில்லை' இருக்கிறதே, பொல்லாத வார்த்தை! எங்கள் வீட்டுக்காரருக்கும் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு டம்ளர் குடித்தால் வயிறு பொருமி, இரண்டு தரம் கொல்லைப்பக்கம் போய் வருவார். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ், வயது ஏற ஏற நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். காபியில் விடும் கொஞ்சம் பால் அவரை ஒன்றும் செய்யாது. தயிராக உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு கரைந்துபோவதால் தயிர் சாதம் பேஷாக இறங்கும். அவஸ்தை உண்டு; உயிருக்குப் பயமில்லை.

பேத்தியின் சங்கதி வேறு. உடம்பின் காவல்படை முந்திரியின் புரதத்தை எதிரி என்று தப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. மறுபடி துளி உள்ளே வந்தாலும் போர்தான். 1902ல் ரிஷே, போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கடல் அனிமோன் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவுக்கே சிறிது நேரத்தில் செத்துப்போயிற்று. ரிஷேக்கு 1913ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இது ஒரு கல்யாண வீட்டில்தான் புரிந்தது. கேசரியை வேண்டாமென்றோம், பொங்கலையும் தள்ளினோம். குருமாவை யார் நினைத்தார்கள்? கெட்டியாக வரட்டும் என்று முந்திரியை விழுதாக அரைத்து விட்டிருந்தார்கள். ஓர் இட்டிலி முடியவில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, பிறகு மூச்சில் விசில் சத்தம். ஒருவர் திருஷ்டி என்றார். இன்னொருவர் அரிப்பு மாத்திரை தேடினார். நல்லவேளை, பந்தியில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். "மாத்திரை அப்புறம், முதலில் காரை எடுங்கள்!" என்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிஷங்களில் குழந்தை "தண்ணி" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அரிப்பு மாத்திரை தடிப்பை அடக்குமே தவிர மூச்சைத் திறக்காது என்றார் டாக்டர். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும் என்று இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பிஸ்தாவும் கூடாதாம், இரண்டும் ஒரே குடும்பம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது. எதை நீட்டினாலும், "இதில் முந்திரி இருக்கா?" என்று கேட்டுத்தான் கை நீட்டுவாள். "ஒரு பருப்பு என்ன செய்துவிடும்?" என்று முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு, ஒரு முழுப் பருப்பு கூட இல்லாத அந்த இட்டிலிக் கதையை நான் சொல்லுவேன்.

போன மாதம் நாங்கள் வந்த பஸ் ஆதனக்கோட்டையில் நின்றது. ஒரு வயதான அம்மாள் ஜன்னலோரம் பொட்டலத்தை நீட்டினாள்.

"எனக்கு ஒத்துக்காது பாட்டி" என்றாள் பேத்தி.

"சூடு கண்ணு, வேறொன்னுமில்லே. மோர் குடிச்சா சரியாப் போயிரும்" என்றாள் அந்த அம்மாள், பிரியமாக.