20 சென்ட் விளை... அடுக்கடுக்காகப் பலன்!

நாகர்கோவிலில் பஸ் ஏறி, தக்கலை தாண்டிக் குலசேகரம் போகும் வழியெல்லாம் ரப்பர் மரங்கள்தான். நடுநடுவே வரும் ஊர்களில் பலவற்றின் பெயர் ‘விளை’ என்று முடிகிறது. மரமும் செடியும் வளர்க்கும் மேட்டு நிலத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘விளை’ என்று பெயர். வீட்டையும் அதற்குள்ளேயே கட்டிக்கொள்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் கொல்லை இருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன்பு ஆசை ஆசையாக மா, கொய்யா, நெல்லி, தென்னை என 10 அடிக்கு ஒன்றாக நட்டேன். இன்று ஒரே நிழல். மரங்களும் சரியாகக் காய்க்கவில்லை, கத்தரிக்கும் வெண்டைக்கும் வெயிலும் இல்லை. “இத்தனை மரம் நிக்குது, கீரைக்குச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கே” என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. அதனால்தான் நண்பரின் அத்தை வீட்டு விளையைப் பார்க்கக் கிளம்பினேன்.

வீட்டையும் சேர்த்து மொத்தம் 20 சென்ட்தான். அந்த அம்மாவுக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். “வாங்க மக்களே, அடுக்களை வழியா வாங்க. அங்கேயிருந்துதான் விளை தொடங்குது” என்று பின்வாசலுக்கு அழைத்துப் போனார்.

வாசற்படியிலிருந்து பத்தடிக்குள் கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய், கீரைப் பாத்தி, துளசி, ஆடாதோடை. “அடுப்புல குழம்பு கொதிக்கும்போது ஓடிவந்து பறிக்கிறதெல்லாம் பக்கத்துல இருக்கணும்” என்றார். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் ஒரு சிறு வாய்க்காலில் ஓடி, மட்டி வாழைக்கும் சேம்புக்கும் போகின்றன. தனியாக நீர் பாய்ச்சுவதில்லை.

அதைத் தாண்டினால் தென்னை. 25 அடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். வயதான மரங்கள் என்பதால் கீழே வெயில் இறங்குகிறது. அந்த அரை வெயிலில் சேனை, இஞ்சி, மஞ்சள். நல்ல வெயில் விழும் கிழக்கு மூலையில் மரச்சீனி. பின்னால் ஒரு பெரிய வருக்கைப் பலா. அதன்மேல் நல்லமிளகுக் கொடி ஏறியிருக்கிறது. வேலியோரம் கிளைரிசிடியா. வேலியாக நிற்பதோடு, தழை உரத்துக்கும் ஆட்டுக்கும் போகிறது. காய்ந்த ஓலை, மட்டை, கொதும்பு எல்லாம் அடுப்புக்கு. பலா மரத்தடியில் இரண்டு தேனீப் பெட்டிகள். மாசி, பங்குனியில் ரப்பர் புதுத் தளிர் விடும்போது இலைக் காம்பில் தேன் சுரக்குமாம். பக்கத்துத் தோட்டங்களில் இருந்து அதைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்கின்றன.

“இதுல வருமானம் எவ்வளவு வரும்?” என்று கேட்டேன். சிரித்தார். “நல்லமிளகை உணக்கி வச்சா கெடாது. பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது விப்பேன். மத்ததெல்லாம் கணக்குல வராது மக்களே, வயித்துல போகும்.”

பிறகு அவராகவே ஒக்கிப் புயலைப் பற்றிச் சொன்னார். 2017 நவம்பர் 30. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கரில் அவர்களுக்கு ரப்பர் இருந்தது. அத்தனையும் சாய்ந்துவிட்டது. புதிதாக நட்டால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். விளையில் வாழை மொத்தமும் போனது, இரண்டு தென்னை முறிந்தது. பல நாள் மின்சாரம் இல்லை.

“மேல நின்னதெல்லாம் போச்சு. சேனையும் மரச்சீனியும் மண்ணுக்க அடியிலல்லா கிடந்துச்சு! அதைத் தோண்டித்தான் அவிச்சோம். விழுந்த ஓலைதான் விறகு. எனக்க மவன் கேட்டான், இங்கேயும் ரப்பர் நட்டிருந்தா என்ன செய்திருப்போம்னு.”

அதற்கு முந்தைய வருடம்வரை, பலாவை வெட்டிவிட்டு ரப்பர் நடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அதே மகன்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் புரிந்தது இதுதான். அங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது. அந்த மரங்களை அப்படியே சிவகங்கையில் நட முடியாது. ஆனால், அந்த அடுக்கு முறையைக் கொண்டுவரலாம். ஒரே நாளில் எல்லாம் விழாதபடி, ஒரே மாதத்தில் எல்லாம் காய்க்காதபடி கலந்து வைக்க வேண்டும். எதை நட்டாலும் இரண்டு வேலையாவது அது செய்ய வேண்டும்.

ஊருக்கு வந்ததும் கொல்லையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழல் விழும் இடங்களில் குச்சி நட்டுப் பார்த்தேன். கிழக்கே வெயிலை மறைத்த இரண்டு கொய்யாவை வெட்டினேன். மனசு கேட்கவில்லைதான். அந்த இடத்தில் இப்போது காய்கறிப் பாத்தி. குளிக்கும் தண்ணீர் வாழைக்கும் பப்பாளிக்கும் போகிறது. வேலியில் முருங்கையும் அகத்தியும் நட்டிருக்கிறேன். எங்களுக்கும் கீரை, ஆட்டுக்கும் தழை. மா மட்டும் மேற்கே அப்படியே நிற்கிறது. சாயங்கால வெயில் வீட்டுச் சுவரில் அடிக்காமல் காக்கிறதே!

கொல்லையில் என்ன நடலாம் என்று யோசிப்பவர்கள், நாற்று வாங்கப் போவதற்கு முன்னால் நாலு குச்சி நட்டு நிழலைப் பாருங்கள். போன வாரம் எங்கள் வீட்டில் கீரைக்குச் சந்தைக்குப் போகவில்லை.