ஒன்றாம் தேதியிலிருந்து சனிக்கிழமைக்கு

சொந்தத் தொழில் தொடங்கியவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கின்றன. ஒன்று, வென்றவர்களின் வரலாறு. பத்து ரூபாயோடு பட்டணம் வந்து பல கோடிக்கு அதிபரானவரின் கதை. மற்றது, வீழ்ந்தவர்களைக் காட்டி விடுக்கப்படும் எச்சரிக்கை. இவ்விரண்டிலும் சேராத பெருங்கூட்டம் ஒன்று உண்டு. காலையில் கதவைத் திறந்து, மாலையில் கணக்கை எழுதி, கடனில் ஒரு பகுதியை அடைத்து, மிச்சத்துக்கு வட்டி கட்டி, மறுநாளும் கதவைத் திறக்கும் கூட்டம். அவர்களைப் பற்றி எழுத மற்றவர்களுக்கு நேரமில்லை. அவர்களுக்கோ அறவே இல்லை. நாங்கள் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருப்பதால் இதை எழுதுகிறோம்.

நாங்கள் கணவன் மனைவி. கோவையில் பம்பு செய்யும் ஆலையொன்றில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தோம். எங்களில் ஒருவர் லேத்தில் தொடங்கிப் பிரிவின் மேற்பார்வையாளர் ஆனவர். மற்றவர் கணக்குப் பிரிவில் இருந்தவர். 2015 ஜூனில் இருவரும் விலகிக் கணபதிப் பகுதியில் நானூறு சதுர அடித் தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். பழைய லேத் ஒன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று. பம்புகளுக்கான ஷாஃப்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில். பின்னர் இன்னொரு லேத் சேர்ந்தது. பத்தாண்டுகளில் எங்கள் தொழில் அடைந்த வளர்ச்சியை இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

கோவையில் இது வியப்புக்குரிய செய்தியே அன்று. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு நூற்பாலைகள் வந்தன. 1932இல் பைக்காராவின் நீர்மின்சாரம் வந்தது. மின்சாரம் ஆலைகளைப் பெருக்கியது. ஆழ்ந்துகொண்டே போன கொங்குநாட்டுக் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. பேருந்து ஓட்டித் தொழிலில் நுழைந்த ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937இல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார். நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அவர் இளமையில் உணவுவிடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பூட்டிய கதையைக் கேளாமல் இவ்வூரில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. எனவே இங்கே ஒருவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே, எப்பொழுது சொந்தமாகப் பட்டறை போடப் போகிறாய் என்ற கேள்வி அவனைத் தொடர்கிறது.

எங்களை வெளியே அனுப்பியது அந்தக் கேள்வி அன்று. மேலதிகாரிமீது மனக்கசப்பும் இல்லை. ஆலைகள் பல, கடைசல் வேலையைத் தம் கூரைக்குள் செய்வதைக் குறைத்து, வெளிப் பட்டறைகளுக்கு ஜாப் ஆர்டராகக் கொடுத்துவந்த காலம் அது. எங்கள் பிரிவில் பதினான்கு லேத்துகள் இருந்தன, பிறகு ஒன்பது, பிறகு நான்கு. ஓய்வுபெற்றவர்களின் இடம் நிரப்பப்படவில்லை. வேலை எங்களுக்கு முன்பாகவே ஆலையைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் பின்னால் போனோம், அவ்வளவுதான்.

வீட்டில் யாருக்கும் உடன்பாடில்லை. "மாசம் பொறந்தாச் சம்பளம் வருது. அத உட்டுப்போட்டு எதுக்குஞ் சாமி இந்த ரோதனை?" என்றார் அம்மா. கால்காசு என்றாலும் அரண்மனை உத்தியோகம் என்ற பழமொழியில் வளர்ந்த தலைமுறை அது. எங்களுடையது அரண்மனை அன்று. எனினும் சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் வந்தது.

தமிழில் 'முதல்' என்ற சொல் தொடக்கத்தையும் குறிக்கிறது, தொழிலில் போடும் பணத்தையும் குறிக்கிறது. முதல் இல்லாமல் முதல் இல்லை. அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் கிடைத்தது. இருவருக்குமாக வந்த தொகை, பழைய லேத்தின் விலையில் முக்கால் பங்குக்கு ஈடாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில்தான் முத்ரா கடன் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிசோர் என்று பெயர்கள் அழகாகவே இருந்தன. நாங்கள் போன வங்கிக் கிளையில் அந்தச் சிசு இன்னும் பிறந்திருக்கவில்லை. மூன்றாண்டுக் கணக்கு கேட்டார்கள். தொடங்காத தொழிலுக்கு ஏது கணக்கு? இறுதியில் நகைக்கடன் பிரிவுக்குத்தான் போனோம்.

அன்று வங்கிப் படியிறங்கும்போது எங்கள் நினைவுக்கு வந்தவன் கோவலன். அவனைப் பொருளை அழித்தவன் என்றே பேசுகிறோம். அவன் மதுரைக்குப் புறப்பட்டது மீண்டும் வணிகம் செய்ய என்பதையும், அதற்கு மனைவியின் சிலம்பையே முதலாகக் கொண்டான் என்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நகையைக் கொண்டு தொழில் தொடங்கிய குடும்பங்களின் பட்டியலில் அவர்கள் பெயர் முதலில் இருக்கவேண்டும். எங்கள் வளையல்கள் எடைபோடப்பட்டபோது அளந்தவர் நேர்மையானவராகவே இருந்தார். மூன்றாம் ஆண்டில் அவை வீடு திரும்பின. ஐந்தாம் ஆண்டில் மறுபடியும் போயின.

வேலையிலிருந்து தொழிலுக்கு வருகிறவனுக்கு முதலில் மாறுவது எது என்று கேட்டால், காலம் என்போம். சம்பளக்காரனின் மாதத்துக்கு ஒரே ஒரு முனை உண்டு. ஒன்றாம் தேதியை நோக்கி எல்லா நாட்களும் சரிந்து செல்கின்றன. இருபத்தைந்தாம் தேதியின் வறட்சியிலும் ஓர் உறுதி இருக்கிறது. தொழிலில் அந்த முனை மறைந்து, அதன் இடத்தில் பல முனைகள் முளைக்கின்றன. ஐந்தாம் தேதி வாடகை. இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. இரண்டு மாதத்துக்கொரு முறை மின்கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சனிக்கிழமை.

இவ்வூர்ப் பட்டறைகளில் கூலி வாரந்தோறும் சனிக்கிழமை மாலையில் கொடுக்கப்படும். எங்களிடம் இருவர் வேலை செய்கிறார்கள். முதல் வாரத்திலேயே அவர்களில் ஒருவர் எங்களை ஓனர் என்று விளித்தார். அந்தச் சொல் எங்கள் இருவரில் யாரைக் குறிக்கிறது என்று சற்றுத் திகைத்தோம். "அக்கா, இந்தச் சனிக்கெழம ஐநூறு சேத்திக் கெடைக்குங்களா? பாப்பாளுக்குப் பீசு கட்டோணும்" என்பார். கேட்கும் குரலில் கூச்சம் இருக்கும். பதினாறு ஆண்டுகள் நாங்கள் முன்பணத்துக்கு விண்ணப்பம் எழுதிய குரல் அது. பணம் பெறும் நாளாக இருந்த ஒன்று பணம் தரும் நாளாக மாறிவிட்டது. நாங்கள் கண்ட மாற்றத்தின் சாரம் இதுதான். வியாழக்கிழமை முதலே வயிற்றில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்தாண்டுகளில் கூலி ஞாயிறுக்குத் தள்ளிப்போனது நான்கு முறை. அந்த நான்கு தேதிகளும் எங்களுக்கு மனப்பாடம்.

ஊரறிந்த இடர்களை விரித்துரைக்கத் தேவையில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிந்தைய வாரங்களில் கையில் கூலி கொடுக்கத் தாளில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எங்களைப் போன்ற பொறியியல் ஜாப் ஆர்டர்களுக்கு 18 சதவீதம் வரி. அது 12 ஆகக் குறைய 2019 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. இவை எல்லோருக்கும் வந்தவை. எல்லோருக்கும் வரும் துன்பத்தில் ஒரு துணை இருக்கிறது.

துணையில்லாத துன்பம் வேறு. அது வரவேண்டிய பணம் வராமலிருப்பது.

எங்களில் கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு இதன் மறுபுறம் நன்றாகத் தெரியும். ஆலையில் இருந்த நாட்களில் சிறு பட்டறைக்காரர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். சட்டைப்பையில் பில்லின் நகல் இருக்கும். எந்தப் பில்லுக்கு எப்போது காசோலை என்பதை மேலே தீர்மானிப்பார்கள். கீழே உள்ளவர் தேதியைப் படித்துச் சொல்வார். நின்றவர்களில் யாரும் சத்தம் போட்டதில்லை. ஏன் போடவில்லை என்பது அந்த வரிசையில் வந்து நின்றபோது தெளிவாக விளங்கியது. அடுத்த ஆர்டர் அந்த மேசையிலிருந்துதான் வரவேண்டும்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், நாற்பத்தைந்து நாட்களுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக. முறையிட மாநிலந்தோறும் மன்றம் உண்டு. 2017 அக்டோபரிலிருந்து வீட்டிலிருந்தபடியே இணையத்தில் முறையிடவும் வழி செய்திருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாக எளியவனின் பக்கம் நிற்கும் சட்டங்கள் குறைவு. ஆனால் அதைக் கையிலெடுப்பவன் தன் சோற்றுக்குக் காரணமானவன்மீதே வழக்குத் தொடுக்கிறான்.

2019இல் எங்களுக்கு அந்த நிலை வந்தது. எங்கள் வேலையில் பாதிக்குமேல் தந்துவந்த நிறுவனம் ஒன்று ஏழு மாதமாகப் பணம் தரவில்லை. பாக்கி மூன்று லட்சத்து நாற்பதாயிரம். பில் எழுதிய மாதத்துக்கு வரியை அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கட்டியாகவேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று வரித்துறை கேட்பதில்லை. ஆகவே வராத பணத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்தோம். இரவுகளில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இது ஒன்றுதான். முறையிட்டால் பணம் வரும், ஆர்டர் போகும். முறையிடாவிட்டால் ஆர்டர் வரும், பணம் வராது. பணம் வராத ஆர்டருக்கு ஆர்டர் என்று பெயர் சொல்லலாமா?

மன்றத்துக்குப் போகவில்லை. ஒரு கடிதம் எழுதினோம். பில் எண், தேதி, தொகை, சட்டத்தின் பிரிவு, சட்டப்படியான வட்டி என எல்லாவற்றையும் அட்டவணையாக்கி, வட்டியை நாங்கள் கேட்கவில்லை என்ற வரியோடு முடித்தோம். மூன்று வாரத்தில் பாதிப் பணம் வந்தது. மீதி அடுத்த பிப்ரவரியில் வந்தது. புதிய ஆர்டர் வரவே இல்லை. ஆறு வாரத்தில் ஊரடங்கும் வந்தது.

வளையல்கள் மறுபடியும் வங்கிக்குப் போனது அப்போதுதான். ஊரடங்கு நாட்களிலும் இருவருக்கும் சனிக்கிழமைதோறும் பாதிக் கூலியாவது கொடுத்தோம். அதில் பெருமையடிக்க ஒன்றுமில்லை. அந்த இருவர் இல்லாவிட்டால் திறக்கும் நாளில் லேத் ஓடாது. பிறகு மெதுவாக வேறு ஆட்களைத் தேடிப் பிடித்தோம். யாரிடமிருந்தும் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வாங்குவதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொண்டோம். வருமானம் முன்னைவிடக் குறைவு. உறக்கம் சற்று அதிகம்.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், குறு, சிறு தொழில்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் செலவாகக் காட்டமுடியும் என்று வருமானவரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. அடுத்த மார்ச்சில், அதுவரை அழைத்தறியாத கணக்குப் பிரிவுகளிலிருந்து எங்களுக்கு அழைப்புகள் வந்தன. சிலர் பணம் தந்தார்கள். ஒருவர், எங்கள் பதிவை ரத்து செய்துவிட்டால் வழக்கம்போல் வியாபாரம் தொடரலாமே என்று கனிவாக ஆலோசனை சொன்னார். சட்டத்தின் வலிமையை அந்த ஆலோசனையைவிட எதுவும் எங்களுக்குத் தெளிவாக உணர்த்தியதில்லை.

இழந்தது எது என்றும் சொல்லவேண்டும். இதைப் படிப்பவர்கள் வாசகர்கள் என்பதால் அது எளிதில் விளங்கும். ஆலைக்குப் போன நாட்களில் பேருந்தில் ஒரு மணி நேரம் படிப்போம். சிற்றிதழ்கள் வந்த வாரத்திலேயே பிரிக்கப்படும். இப்போது அவை உறையோடு அடுக்கில் ஏறுகின்றன. 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார் என்று படித்தபோது முன்பெல்லாம் அந்த இலட்சியம் கண்ணில் பட்டது. இப்போது அந்தச் சுமையின் எடை தெரிகிறது. விற்றுத்தீராத படிகளோடு திரும்பிய மனிதர் மறுநாள் உட்கார்ந்து எப்படி எழுதினார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

வேலையை விடலாமா என்று கேட்டு இளைஞர்கள் சிலர் வருவதுண்டு. சுதந்திரத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு முதலாளி போய் ஆறு வாடிக்கையாளர் வந்ததைச் சொல்வோம். பிறகு மூன்று கேள்விகள் கேட்போம். ஆறு மாத வீட்டுச் செலவு தொழிலுக்கு வெளியே தனியாக இருக்கிறதா? முதல் வாடிக்கையாளர் யார், அவர் மற்றவர்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகிறார்? வீட்டில் கணக்கை இருவரும் பார்க்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வருகிறது. நாங்கள் அதையே மிகவும் முக்கியமாக நினைக்கிறோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்த கடன் இரண்டு மடங்கு கனக்கும்.

எங்களாலும் பிறருக்குப் பணம் தரவேண்டியிருக்கிறது. பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் எங்களைவிடச் சிறியவர்; தனி ஆள். மாதத்தில் நாலைந்து சிறு வேலைகள் அவரிடம் போகும். அவர் இதுவரை எங்களிடம் பணம் கேட்டதில்லை. கேட்கும்படி வைத்ததில்லை. சனிக்கிழமை மாலையில் நம் ஆட்கள் இருவருக்கும் எண்ணி வைத்தபின் மூன்றாவதாக ஓர் உறை அங்கே போய்விடுகிறது.