கழுத்து வீக்கம் பற்றி ஒரு விளக்கம்

மடப்பள்ளியில் சாம்பார் வைக்கும் அண்ணனைக் காணோமே என்று பலர் கேட்டீர்கள். அவர் சம்மதத்தோடுதான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

தாடைக்குக் கீழே ரெண்டு பக்கமும் கோலிக்குண்டு மாதிரி கெட்டியான வீக்கம். வலி இல்லை. ஆண்டிபயாடிக் கேட்கவில்லை. உடனே 'புற்றுநோயாம்' என்று பேச்சு. ஒட்டிக்குமோன்னு பந்தியில் சிலர் தள்ளி உட்கார்ந்தாங்க. அதுதான் எங்களுக்கு ரொம்ப வலிச்சது. புற்றுநோயே ஆனாலும் ஒட்டுமா?

ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஐஜிஜி4 அழற்சி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிக்குள் புகுந்து அதை இறுக வைத்துவிடுகிறது. அபூர்வமான நோய். 1896-லேயே குட்னர் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதியிருக்கிறார். 'குட்னர் கட்டி' என்றே பெயர், ஆனால் அது கட்டியே இல்லை. புற்று என்று நினைத்து சுரப்பியையே வெட்டி எடுத்ததும் உண்டு. ஐஜிஜி4-தான் சம்பந்தம் என்று தெரிந்தது 2000-க்குப் பிறகுதான். கணையம், கிட்னியிலும் வரலாம் என்பதால் ஸ்கேனும் எடுத்தாச்சு.

இப்போ ஸ்டீராய்டு மாத்திரை. வீக்கம் நல்லா வத்திடுச்சு. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக்கூடாது, குறைக்கும்போது திரும்பவும் வரலாம்.

வர்ற வெள்ளிக்கிழமை அண்ணன் வர்றார். மாத்திரையால் சீனி ஏறும், சர்க்கரைப் பொங்கலை வற்புறுத்தாதீங்க. வாய் காயும், சுண்டல் தொண்டையில் இறங்காது. பக்கத்தில் ஒரு டம்ளர் மோர் வையுங்க. கழுத்தையே உத்துப் பார்க்காதீங்க.