சர்வேயர் வந்த நாள்



தேய்மானம், பிளின்த் ஏரியா, சதுர அடி ரேட்... எஸ்டிமேட்டிங் வகுப்பில் இதையெல்லாம் கேட்டால் நம்மில் பாதிப்பேருக்குக் கொட்டாவி வரும். எனக்கு வருவதில்லை. காரணம், அந்தக் கணக்கு ஒருநாள் எங்க வீட்டுக்கே வந்தது.

எங்க ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஆறு எங்க தெருவுக்குள் வந்துவிட்டது. இரண்டு ராத்திரி பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால், முன்னறைச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு!

அப்பாவுக்கு இருந்த ஒரே தைரியம் இன்ஷூரன்ஸ். 2014-இல் வீட்டுக்கடன் வாங்கியபோது பதினைந்து வருஷத்துக்குச் சேர்த்து எடுத்த பாலிசி. தகவல் சொன்னோம். சர்வேயர் வருவார் என்றார்கள். மாவட்டமே வெள்ளக்காடு, எங்க முறை வர ஜனவரிக் கடைசி ஆகிவிட்டது. நடுவில் பொங்கல். "நல்ல நாளும் அதுவுமா சேத்தோடயா இருக்கது மக்கா?" என்றாள் அம்மா. நானே சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தேன். ஊறி உப்பிப்போன இரண்டு கதவுகளை உடைத்து விறகாக்கினோம். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

சர்வேயர் டேப்பும் கேமராவுமாக வந்தார். "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு அண்ணாச்சி?" அப்பா சுவரைக் காட்டினார். சுவர் புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேர் என்று நின்றது. பீரோவை நகர்த்திய பிறகுதான் அந்தக் கோடு அகப்பட்டது. அளந்து எழுதிக்கொண்டார். "கதவு எங்கே?" என்றபோது அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

கிளம்பும்போது அப்பா ஐந்நூறு ரூபாயை மடித்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. "எனக்கு பீஸ் கம்பெனி தரும். ஆனா நான் அவங்க ஆளும் இல்லே, உங்க ஆளும் இல்லே. கண்ணுல பாத்ததைத்தான் எழுத முடியும்."

பழுது பார்க்க ஆன செலவு 1,60,000 ரூபாய். கதவு, நான் சுரண்டிய சுவர், தேய்மானம் எல்லாம் போக சர்வேயர் ஒப்புக்கொண்டது 1,20,000. கைக்கு வந்ததோ 60,000! அப்பா கொதித்துப் போய் அவருக்கே போன் போட்டார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "உங்க வீட்டோட இன்னிக்கு மதிப்பு 12 லட்சம். பாலிசியில போட்டிருக்கது அன்னைக்கு வாங்கின கடன் தொகை, 6 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் இன்ஷூரன்ஸ் பண்ணியிருக்கீங்க. நஷ்டத்துலயும் பாதிதான் வரும். மீதிப் பாதிக்கு நீங்களேதான் இன்ஷூரன்ஸ் கம்பெனி."

பாக்கி ஒரு லட்சத்துக்காக அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. இன்னும் திரும்பவில்லை. அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் அந்த ஒரு லட்சத்தில் என் பிரஷ்ஷுக்கும் பங்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

நண்பர்களே, 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி வந்திருக்கிறது. தொகை குறைவாகப் போட்டிருந்தாலும் இந்தப் பாதிக் கணக்கு அதில் கிடையாது. போட்ட தொகை வரைக்கும் தருவார்கள். கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை சாமான்களுக்கும் உண்டு. ஆனால் கடனோடு ஒட்டிய எங்க பழைய பாலிசி போல எத்தனை வீட்டு டிரங்குப் பெட்டிகளில் தூங்குகின்றனவோ!

ஆகவே லீவில் ஊருக்குப் போனதும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளின்த் ஏரியாவை அளந்து, ரேட்டால் பெருக்கி, பாலிசித் தொகையோடு ஒப்பிட அரைமணி நேரம் போதும். வெள்ளம் வந்தால் முதலில் போட்டோ, பிறகுதான் துடைப்பம். பழுதான சாமானை சர்வேயர் பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

எங்க முன்னறையில் பீரோவுக்குப் பின்னால் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கும் அதை நான் அழிக்கவில்லை.

— மூன்றாமாண்டு சிவில் மாணவன்