விழுந்த நிரலும் புரண்ட எழுத்தும்

கணினியில் ஒரு நிரல் திடீரென மூடிக்கொள்ளும்போது பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது தம் விரல்களைத்தான். முதியவர்களிடம் இந்தச் சந்தேகம் இன்னும் ஆழமானது. எங்கள் அப்பா தம் இளமைக்கால நினைவுகளை நோட்டில் எழுதி, பிறகு தாமே தட்டச்சு செய்து வருகிறார். சொற்செயலி அடிக்கடி மறைந்துபோகத் தொடங்கியதும், தம் வயதையே குறைசொல்லி எழுத்தை நிறுத்திவிட்டார். பழுதைத் தேடி நாங்கள் இறங்கியது அதனால்தான்.

மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதே பலரும் சொல்லும் மருந்து. நோயறியாமல் மருந்து கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எந்த நாளில் எந்த நிரல் நின்றது என்பதைத் தேதிவாரியாகக் காட்டும் நம்பகத்தன்மைக் கண்காணிப்பு என்றொரு வசதி, விண்டோஸில் விஸ்டா காலந்தொட்டே உண்டு. அதைத் திறந்தோம். நின்றது சொற்செயலி மட்டுமன்று. உலாவி, படம் பார்க்கும் நிரல் எனப் பட்டியல் நீண்டது. ஒரே நிரல் ஒரே செயலின்போது விழுந்தால் அந்த நிரலையோ கோப்பையோ சந்தேகிக்கலாம். தொடர்பில்லாத நிரல்கள் வெவ்வேறு வேளைகளில் விழுந்தால், அனைத்துக்கும் பொதுவான வன்பொருளையும் பார்த்தாக வேண்டும். விசிறியின் தூசியைத் துடைத்தோம். வெப்பநிலை சரியாகவே இருந்தது. நிரல்கள் விழுவது நிற்கவில்லை.

அடுத்தது நினைவகம். மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரல், விண்டோஸ் இல்லாமலே பென்டிரைவிலிருந்து இயங்கக்கூடியது. நினைவகத்தில் குறிப்பிட்ட எண்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். இரவு முழுதும் ஓடவிட்டோம். காலையில் திரையில் பிழை வரிகள். இரண்டு 4 ஜிபி ராம்களையும் ஒரே ஸ்லாட்டில் தனித்தனியே செருகிச் சோதித்தபோது ஒன்று தேறியது. மற்றது, தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்த பின்பும், ஒரே முகவரியில் ஒரே பிட்டில் தவறியது.

"அப்போ ஞாபகக் கோளாறு எனக்கில்லை, அதுக்குத்தான்" என்றார் அப்பா. அன்று மாலையே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எங்களுக்கோ வேறு கவலை பிறந்தது. யூனிகோடில் ‘ப’ என்ற எழுத்தின் எண் 2986; ‘ம’ என்பதன் எண் 2990. இரும முறையில் எழுதினால் இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. அது புரண்டால் ‘பணம்’ ‘மணம்’ ஆகிவிடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள், எந்தப் பிழைதிருத்தியும் தடுக்காது. எடுத்துவைத்த நகல்களும் அதே நினைவகத்தின் வழியே சென்றவைதாம். ஆகவே, பழுதான ராமைக் கழற்றியதும், ஒருவர் நோட்டைப் படிக்க மற்றவர் திரையைப் பார்க்க, தட்டச்சு செய்த 60 பக்கங்களையும் ஒப்பிட்டோம். இரண்டு மாலைகள் ஆயின. புரண்ட எழுத்து எதுவும் அகப்படவில்லை.

நிரல் விழும்போது எரிச்சல்படுகிறோம். விழுவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே பழுது, நிரல் விழாத வேளையில், சேமித்த பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுப் பேசாமல் போயிருக்கக்கூடும். அதைச் சொல்லித்தரக் கணினியிடம் எதுவுமில்லை. கையால் எழுதிய நோட்டு ஒன்றுதான் இருந்தது.