பட்டுருச்சு

சிலம்பம் கற்க வரும் பிள்ளைகள் முதல் நாளே கம்பு கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. செருப்பைச் சுவரோரம் விடச் சொல்வேன். வாட்ச், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் அம்மா கைக்குப் போக வேண்டும். நகத்தைப் பார்ப்பேன். அதன்பின் சில வாரங்களுக்கு வெறுங்காலில் காலடி மட்டும்தான். பிள்ளைகளின் முகம் வாடிப்போகும். எனக்கும் அப்படித்தான் வாடியது, என் வாத்தியார் முன்னால்.

வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்சிணை வைத்து அவரிடம் சேர்ந்தேன். அன்று அவர் சொன்ன முதல் விதி, "கீழ கெடக்கிற கம்பைத் தாண்டாத" என்பது. கம்பு சாமி மாதிரி, தாண்டினால் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் கழித்து, தரையில் கிடந்த மூங்கில் காலடியில் உருண்டு ஒரு பையன் மல்லாக்க விழுந்தபோதுதான் அந்த விதிக்குள் இருந்த இன்னொன்று தெரிந்தது. எங்கள் கூடத்தில் மரியாதை என்று சொல்லித் தரும் பலவற்றுக்குள்ளும் இப்படி ஒரு காவல் இருக்கிறது.

சலாம் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, வாத்தியாருக்கும் சபைக்கும் நாலு பக்கமும் திரும்பி வணக்கம் வைக்கிறோம். இதை அரைகுறையாக முடித்துவிட்டு வீச்சுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாலு பக்கம் திரும்பும்போது கண்ணும் வேலை செய்ய வேண்டும். குழந்தைகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே கல் கிடக்கிறது, தலைக்கு மேல் வயர் தொங்குகிறதா, மண் ஈரமா? நெற்றி உயரக் கம்பைக் கை நீட்டிச் சுழற்றினால் சுற்றிலும் ஏழெட்டு அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. அந்த இடத்தைச் சபையிடம் நிதானமாகக் கேட்டு வாங்குவதுதான் அந்த வணக்கம்.

தாமதமாக வருகிறவன் ஓரத்தில் நிற்க வேண்டும். வாத்தியார் பார்த்துத் தலையசைத்த பின்தான் உள்ளே. கம்பு சுற்றுகிறவனின் முதுகுப் பக்கமாகக் குறுக்கே போகவே கூடாது. ஆடுவதற்கு முன் கம்பைக் கணுவுக்குக் கணு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட மூங்கில் மோதலில் சிலும்பும்; அந்தச் சிம்பு எதிரே நிற்பவன் கண்ணுக்குத்தான் போகும்.

இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம். நான் பழக்க முடியாமல் தவிப்பது ஒன்றே ஒன்றுதான்.

தொடுமுறை ஆட்டத்தில் கம்பு எதிராளியின் உடம்பில் பட்டால் புள்ளி. முன்பெல்லாம் நுனியில் கரித்தூள் மாதிரி எதையாவது தடவி ஆடுவார்கள். உடம்பில் விழுந்த பொட்டு சாட்சி சொல்லும். இப்போது போட்டிகளில் தலைக்கவசம் உண்டு, நடுவர்கள் உண்டு. தினசரிப் பயிற்சியில் நடுவர் கிடையாது. பட்டவன்தான் கையைத் தூக்கி "பட்டுருச்சு" என்று சொல்ல வேண்டும்.

சென்ற கோடையில் கம்பு நுனியில் சாக்பொடி தடவி இருவரை ஆடவிட்டேன். பையனுக்குப் பதினாலு வயது, நல்ல கைவேகம். எதிரே ஒரு சின்னப் பெண், சேர்ந்து ஆறு மாதம். அவள் கம்பு அவனுடைய இடது தோளைத் தொட்டதை நான் பார்த்தேன். அவன் பின்னால் ஒரு அடி வைத்து, வியர்வை துடைப்பதுபோல் உள்ளங்கையால் தோளைத் துடைத்தான். பொட்டு கலைந்து நீலப் பனியனில் வெளிறிய கீற்றானது. அண்ணன் ஆயிற்றே என்று அவள் வாய் திறக்கவில்லை. கம்பைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

ஆட்டத்தை நிறுத்தினேன். "தம்பி, கையை விரி." உள்ளங்கையெல்லாம் வெள்ளை. "அவளுக்கு இதுதான் முதல் பொட்டு. அதை நீ அழிச்சுட்டியே" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் அழுதுவிட்டான். தோற்றுவிட்டு வீட்டுக்கு வராதே என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

பட்டதை மறைக்கிறவன் தன் தடுப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கடைசிவரை கற்க மாட்டான். அது அவன் நஷ்டம். ஆனால் அவனோடு ஆடுகிறவன் அடுத்த முறை மறுக்க முடியாதபடி ஓங்கிப் போடுவான். விரல் உடைவது அங்கேதான். மெல்லத் தொட்டாலே இவன் ஒப்புக்கொள்வான் என்று தெரிந்தால்தான் எதிராளியும் மெல்லத் தொடுவான். கம்பு பிடித்தவர்கள் பயமில்லாமல் ஆட முடிவது இந்த ஒரு சொல்லால்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தையும் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்தார்கள். ஊர்த் திருவிழாவில் ஆடிய கலைக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பதக்க ஆசையும் கூடவே வந்திருக்கிறது. அது தப்பில்லை. மைதான ஓரத்தில் நின்று "விடாத, அடி!" என்று கத்தும் பெற்றோரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குரல் கேட்டால் தூக்க வேண்டிய கை எழாது.

பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பயிற்சி முடிந்து பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, யாரை ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு உனக்கு எத்தனை தடவை பட்டுச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் கணக்கை நம்புங்கள்.